டென்ட் கிடைக்குது... இடம் கிடைக்குமா?

ஊர் ஊராகத் திறக்கப்படும் பிரமாண்ட விளையாட்டுப் பொருள் கடைகள்: ஒரு நேரடி ரவுண்ட்-அப்

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி. சென்னைப் புறநகரில் நெடுஞ்சாலையை ஒட்டிப் புதிதாகத் திறந்திருக்கும் கடை அது. பச்சை நிற டென்ட் ஒன்றுக்குள் சுங்குடிச் சேலை கட்டிய பாட்டி ஒருவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வெளியே போனும் கையுமாக நிற்கும் மகனிடம், "உள்ள நல்லா விசாலமாத்தான்டா இருக்கு" என்கிறார். பேரன்கள் இரண்டு பேரும் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, மறுபடி நுழைகிறார்கள். கடை ஊழியரான இளைஞர் வட்டமான தட்டைப் பை ஒன்றைத் திறந்து, உள்ளே இருப்பதன் பட்டைகளை அவிழ்த்து, அப்படியே மேலே தூக்கி வீசுகிறார். தரையில் விழும்போது அது இரண்டு பேர் படுக்கிற கூடாரம்! கூட்டம் கைதட்டுகிறது. அதைத் திரும்ப மடித்துப் பைக்குள் திணிப்பதற்குள் அந்த இளைஞருக்கு ஏ.சி.யிலும் வியர்த்துவிட்டது. அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

வெளியே வந்து சேலையைச் சரிசெய்துகொண்ட பாட்டி கேட்டார்: "சரி, இதைக் கொண்டுபோய் எங்கடா போடுவே?"

மகன் யோசித்தார். "மொட்டை மாடி!" என்றான் சின்னப் பேரன்.

கோவை, மதுரை, திருச்சி என்று போகிற இடமெல்லாம் இப்போது இந்த ரகக் கடைகள்தான் பேச்சு. 'சும்மா பார்த்துட்டு வரலாம்னு போனோம்... ரெண்டாயிரம் பழுத்திடுச்சு' என்ற புலம்பலைக் கேட்காத அலுவலகம் இல்லை. கடை எப்படி இருக்கிறது என்பதில் தொடங்கிய நம் சுற்று, பாட்டியின் கேள்விக்குப் பதில் தேடிக் காடு, மலை, மாநகராட்சித் திடல் என்று அலைந்தது.

தொடலாம்... தூக்கலாம்... உதைக்கலாம்!

விளையாட்டுச் சாமான் கடை என்றால் நம் தலைமுறைக்கு ஒரு படம் மனதில் இருக்கும். ஆறடி அகலக் கடை, கூரையிலிருந்து வலைப்பைகளில் தொங்கும் பந்துகள், கண்ணாடி அலமாரிக்குள் பூட்டப்பட்ட கோப்பைகள், கல்லாவுக்கு முன்னால் ஒரு மர மேசை. 'என்ன வேணும்?' என்று கேட்பார்கள். என்ன வேண்டும் என்று தெரிந்தவன் மட்டும்தான் அங்கே போக முடியும்.

இங்கே அந்த மேசை இல்லை. பெரிய மாற்றமே அதுதான். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு வரிசை. ஓட்டம், நீச்சல், சைக்கிள், பேட்மின்டன், மலையேற்றம், குதிரைச் சவாரி, வில்வித்தை, மீன்பிடி. கூடைப்பந்தை எடுத்து அங்கேயே வளையத்தில் போட்டுப் பார்க்கலாம். சைக்கிளை எடுத்து வரிசைகளுக்கு நடுவே ஒரு வட்டம் அடிக்கலாம். ஸ்கேட்டிங் சக்கரத்தை மாட்டிக்கொண்டு ஒரு சிறுமி அப்பாவின் பெல்ட்டைப் பிடித்தபடி நகர்கிறாள். கேள்வி கேட்டால் பதில் சொல்லும் ஊழியர்களில் பலர் கல்லூரி அணியில் ஆடியவர்கள். விளையாட்டு கோட்டாவில் சீட் வாங்கிப் படித்துவிட்டு, வேலை கோட்டாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது ஒரு சம்பளம். 'ஷூவுக்குள்ள கட்டைவிரல் முட்டுதான்னு பாருங்கண்ணா' என்று மண்டியிட்டுச் சொல்பவர், மாவட்ட அளவில் 400 மீட்டர் ஓடியவராக இருக்கலாம்.

வியப்பின் உச்சம் பில் போடும் இடம். வாங்கியதையெல்லாம் மொத்தமாக ஒரு தொட்டிக்குள் போட்டால், திரையில் பட்டியல் தானாக வந்து நிற்கிறது. ஒவ்வொரு பொருளின் லேபிளிலும் மெல்லிய சில்லும் ஆன்டெனாவும் ஒளிந்திருக்கின்றன. தொட்டியிலிருந்து கிளம்பும் ரேடியோ அலை பட்டதும் ஒவ்வொரு சில்லும் தன் எண்ணைச் சொல்லிவிடுகிறது. பார்கோடைத் திருப்பித் திருப்பிக் காட்டும் வேலை இல்லை. ஒரு பெரியவர் காலுறையை மட்டும் வெளியே எடுத்துப் பார்த்தார்; பட்டியலில் ஒரு வரி குறைந்தது. திரும்பப் போட்டார், வரி வந்தது. நாலைந்து முறை செய்துவிட்டுத்தான் பணம் கட்டினார்.

தேடிக் கிடைக்காத ஒன்றும் உண்டு. வில்லும் அம்பும் இருக்கிற கடையில் சிலம்பக் கம்பு இல்லை.

---
பெட்டிச் செய்தி: மூன்று கடைகள் பிறந்த கதை

1938, சியாட்டில், அமெரிக்கா: நல்ல பனிக்கோடரி நியாயமான விலைக்குக் கிடைக்காத எரிச்சலில், லாயிட் ஆண்டர்சன் – மேரி ஆண்டர்சன் தம்பதி ஆஸ்திரியாவிலிருந்து அதை நேரடியாக வரவழைத்தார்கள். மலையேறும் நண்பர்களைச் சேர்த்து அவர்கள் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம்தான் ஆர்.இ.ஐ. இன்றும் அது கூட்டுறவுதான்.

1972, ஸ்பிரிங்ஃபீல்ட், மிசௌரி: அப்பாவின் மதுக்கடையில் ஒரு மூலையை ஒதுக்கி வாங்கி, தூண்டில் சாமான் விற்றார் ஜானி மாரிஸ். அது பாஸ் புரோ ஷாப்ஸாக வளர்ந்தது. 2015-ல் மெம்ஃபிஸ் நகரின் பிரமிடு வடிவ அரங்கத்தையே கடையாக்கினார்கள். உள்ளே சதுப்புநிலம், மீன்கள், முதலைகள், தங்கும் விடுதி என எல்லாம் உண்டு.

1976, ஆங்க்லோஸ், பிரான்ஸ்: லில் நகருக்குப் பக்கத்தில், எல்லா விளையாட்டுக்கும் ஒரே கூரை என்று மிஷேல் லெக்லெர்க் திறந்த கடை டெகத்லான். 2005-ல் அதன் குவெச்சுவா பிராண்டில் வந்ததுதான் வீசினால் விரியும் 'இரண்டு விநாடி' டென்ட்.
---

விலை எப்படிக் கட்டுப்படியாகிறது?

இந்தக் கடைகளின் சூத்திரம் எளிது. வெளியார் பிராண்டை வாங்கி விற்பதில்லை, அல்லது மிகக் குறைவாகவே விற்கிறார்கள். தாங்களே வடிவமைத்து, தாங்களே தைக்கக் கொடுத்து, தங்கள் பெயரிலேயே விற்கிறார்கள். நடுவில் விநியோகஸ்தர் கமிஷன் இல்லை, கிரிக்கெட் நட்சத்திரத்துக்குக் கொடுக்கும் விளம்பரக் காசும் பெரிதாக இல்லை. இப்படித் தன் பெயரிலேயே விற்கும் டெகத்லான் 2009-ல் பெங்களூருவில் நுழைந்தபோது, அன்றைய அந்நிய முதலீட்டு விதிகளால் மொத்த வியாபாரம் மட்டுமே செய்ய முடிந்தது. 2012-ல் ஒரே பிராண்ட் சில்லறை வணிகத்தில் 100 சதவீத அந்நிய முதலீட்டுக்குக் கதவு திறந்தது. 2013-ல் அந்த நிறுவனத்துக்கும் அனுமதி வந்தது. அப்புறம்தான் நாமெல்லாம் உள்ளே போனோம்.

லேபிளைத் திருப்பிப் பார்த்தால் பாதி பயணம் நம் ஊரிலேயே முடிந்துவிடுகிறது. வெளிநாட்டுப் பெயர் பொறித்த டி-ஷர்ட் திருப்பூரில் தைத்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். உலகின் பெரிய ஸ்போர்ட்ஸ் ஷூ கம்பெனிகளுக்கு ஷூ தைக்கும் தொழிற்சாலை செய்யாறில் ஓடுகிறது. பெரம்பலூர், உளுந்தூர்ப்பேட்டை, ராணிப்பேட்டை பனப்பாக்கம் என்று தைவான் முதலீடுகள் வரிசையில் நிற்கின்றன. காலையில் கம்பெனி பஸ் ஏறி, நாளெல்லாம் ஓட்டப்பந்தய ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் செய்யாற்றுப் பெண்ணுக்கு, அதை மாட்டிக்கொண்டு ஓட நேரம் கிடைக்கிறதா என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

'பையனுக்கு வாங்க வந்தேன்' என்று வந்தவர்கள்

பெண்கள் வரிசையில் கொஞ்ச நேரம் நின்றாலே ஒன்று புரியும். வருகிற பெண்களில் பெரும்பாலோர் பிள்ளைகளுக்கு வாங்கத்தான் வருகிறார்கள். பத்து நிமிடம் கழித்து அவர்களே ஒரு ஜோடி ஷூவை எடுத்து வைத்துக்கொண்டு, விலைச்சீட்டைப் பார்த்து, திரும்ப வைத்து, மறுபடியும் எடுக்கிறார்கள்.

பழைய கடையில் ஒரு நாற்பது வயதுப் பெண் போய், 'ஓடுறதுக்கு எனக்கு உள்ளாடை வேணும்' என்று கவுன்டர் ஆளிடம் கேட்டிருக்க முடியுமா? இங்கே அது பேட்மின்டன் மட்டைக்குப் பக்கத்து வரிசையில், சாதாரணச் சரக்காகத் தொங்குகிறது. கை, கால் மூடிய நீச்சலுடை, இடுப்பைத் தாண்டி இறங்கும் நீளமான டி-ஷர்ட், எக்ஸ்எல்-லுக்கு மேலேயும் அளவுகள். யாரிடமும் எதையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு டிரையல் ரூமுக்குப் போகலாம். விற்பனை மேசையை எடுத்துவிட்டதில் யாருக்கு அதிக லாபம் என்றால், என் கணக்கில், பெண்களுக்குத்தான்.

ஒரு அம்மா மகளிடம் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்: "நான் ஸ்கூல்ல கோகோ டீம் கேப்டன்டி." மகள் நம்பவில்லை. நிரூபிக்க அங்கே இடமும் இல்லை.

ஆல்ப்ஸுக்குத் தைத்தது ஆவடிக்குப் பொருந்துமா?

இனி கொஞ்சம் கறாராகப் பார்ப்போம். கடையில் இருக்கிற சரக்கில் கணிசமானவை குளிர்தேசத்து மலைகளை மனதில் வைத்து வடிவமைத்தவை. நம் சீதோஷ்ணத்தில் அவற்றில் சில கூடுதல் செலவு, சில தொந்தரவு.

மழைச்சட்டையை எடுத்துக்கொள்வோம். விலை கூடிய ரகத்தில், 'தண்ணீரை உள்ளே விடாது, வியர்வை ஆவியை வெளியே விடும்' என்பார்கள். அந்தப் படலம் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே வெப்பமும் ஈரமும் அதிகமாகவும், வெளியே குறைவாகவும் இருக்க வேண்டும். அந்த வித்தியாசம்தான் ஆவியை வெளியே தள்ளுகிறது. கொடைக்கானலில் இரவு பத்து டிகிரியில் அது நடக்கும். ஐப்பசி மழையில் சென்னைக் காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும்போது ஆவி எங்கே போகும்? ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவரும் சாலையோரத்தில் வாங்கிய ரெயின்கோட்காரரும் உள்ளே ஒரே மாதிரிதான் நனைவார்கள்.

டென்ட்டும் அப்படித்தான். சமவெளியில் காலை எட்டு மணி வெயிலுக்கே உள்ளே படுக்க முடியாது. நிழலும் காற்றோட்டமும்தான் நமக்கு முக்கியம். இரட்டை அடுக்குத் துணியும் பனி தாங்கும் திறனும் அல்ல. ஸ்லீப்பிங் பேக்கில் '5 டிகிரி' என்று போட்டிருப்பதை ஊட்டி மார்கழிக்கு வாங்கலாம். ஏலகிரிக்கு வீட்டுப் போர்வை போதும்.

மாறாக, வடிவமைத்தவர்கள் நினைத்தே பார்க்காத உபயோகங்களை நம்மவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். நெற்றியில் கட்டும் டார்ச், மலையேறிகளுக்காகச் செய்தது. அதை வாங்குகிறவர்களில் இருட்டில் மோட்டார் பார்க்கப் போகும் விவசாயியும் உண்டு, மிக்ஜாம் புயலின்போது நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் தவித்த வேளச்சேரி குடும்பத்தலைவியும் உண்டு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பத்து லிட்டர் முதுகுப்பை ஐரோப்பாவில் ஒருநாள் நடைபயணத்துக்கு. இங்கே அது தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் டிபன் பாக்ஸைச் சுமக்கிறது. அந்தப் பையைப் பார்க்காமல் ஒரு பெட்டியைக் கடந்துவிட முடியாது.

---
பெட்டிச் செய்தி: பர்ஸைத் திறக்கும் முன்...

ஷூ: மாலையில் போய் வாங்குங்கள். பகலெல்லாம் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும். அதுதான் சரியான அளவு. விரலுக்கு முன்னால் அரை அங்குலமாவது இடம் வேண்டும். இல்லாவிட்டால் மலை இறங்கும்போது நகம் கறுக்கும்.

மில்லிமீட்டர் கணக்கு: டென்ட், மழைச்சட்டையில் '2,000 மி.மீ' என்றிருந்தால், அவ்வளவு உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் துணி தாங்கும் என்று பொருள். துணியைவிடத் தையலோரம்தான் முதலில் ஒழுகும். உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

துணி: வியர்வையில் நனைந்த பருத்தி மலைக்குளிரில் உடம்பை உறையவைக்கும், பாலியஸ்டர் சீக்கிரம் காயும். ஆனால் தீ பக்கத்தில் பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டும். நெருப்பு மூட்டிக் குளிர்காயும் இடத்தில் கவனம் தேவை.

சைக்கிள்: கியர் எண்ணிக்கையில் மயங்க வேண்டாம். சமவெளியில் தினசரி ஐந்து கிலோமீட்டருக்கு கியர் இல்லாத வண்டியே பராமரிப்புக்கு எளிது.

வரி: 2025 செப்டம்பர் 22 முதல் விளையாட்டுப் பொருட்களுக்கும் சைக்கிளுக்கும் ஜி.எஸ்.டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. 2,500 ரூபாய் வரையிலான காலணிக்கும் 5 சதவீதம்தான். உடற்பயிற்சிக் கருவிகளுக்கு இந்தக் குறைப்பு கிடையாது.
---

மூங்கில் தடியும் அலுமினியத் தடியும்

மலையேற்றத்தை யாரோ வெளிநாட்டுக்காரர் வந்துதான் நமக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதில்லை. மாசியிலிருந்து வைகாசிக்குள் கோவைப் பக்கம் பூண்டி அடிவாரத்துக்குப் போய்ப் பாருங்கள். ஏழு மலை தாண்டி, சுமார் 6,000 அடி உயரத்தில் இருக்கும் வெள்ளியங்கிரி ஆண்டவரைப் பார்க்க, இரவோடு இரவாகச் சாரிசாரியாக ஏறுகிறார்கள். பாதிப்பேர் காலில் செருப்பே இல்லை. கையில் அடிவாரத்தில் வாங்கிய மூங்கில் தடி.

கடையில் இருக்கும் அலுமினியத் தடி செய்வதும் அதே வேலைதான். இறக்கத்தில் முழங்காலுக்கு வரும் சுமையில் ஒரு பங்கைக் கைக்கும் தோளுக்கும் மாற்றுகிறது. உயரத்தைக் கூட்டிக் குறைக்கலாம், மடித்துப் பையில் செருகலாம். அதன் உலோக முனை மொட்டைப்பாறையில் வழுக்கும். ரப்பர் மூடி போட்டால்தான் சரி. மூங்கிலுக்கு அந்தக் கவலை இல்லை. ஏறி வந்தவர்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் பூஜையறை ஓரத்தில் சாத்தி வைப்பார்கள். அலுமினியத்துக்கு அந்த மரியாதை கிடைக்குமா தெரியாது.

ஆனால் சாமான் கொடுக்காத ஒன்று உண்டு, அது உடல் தயாரிப்பு. வெள்ளியங்கிரியில் சமீப ஆண்டுகளில் மாரடைப்பாலும் மூச்சுத் திணறலாலும் பக்தர்கள் இறப்பது தொடர்கிறது. இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்லிக்கொண்டே இருக்கிறது. நல்ல ஷூ போட்டதும் ஒரு தைரியம் வந்துவிடுகிறதே, அதுதான் ஆபத்து.

2018 மார்ச் 11-ஐ மறக்க முடியுமா? தேனி மாவட்டம் குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள், வார இறுதிக்கு வந்தவர்கள். காய்ந்த புல் சரிவில் தீ மேல்நோக்கி மனிதனைவிட வேகமாக ஓடும் என்பது மலைவாசிகளுக்குத் தெரியும். நகரத்துப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு மலையேற்ற ஒழுங்குமுறை விதிகள் வந்தன. பாதைகள் எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரிக்கப்பட்டன. அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயமாயின.

2024 அக்டோபரில் அரசே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள், ஆன்லைனில் முன்பதிவு, கூடவே நடக்கப் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள். வழிகாட்டிகளாக வருபவர்கள் அந்தந்த மலையின் பழங்குடி, வனக்கிராம இளைஞர்கள். இது நல்ல ஏற்பாடு. யானைச் சாணத்தைப் பார்த்து, 'இது காலையில போட்டது, இந்தப் பக்கம் வேணாம்' என்று திருப்பிக் கூட்டிவரும் அறிவு எந்த அலமாரியிலும் விற்பனைக்கு இல்லை. அந்த அறிவுக்கு இப்போதுதான் கூலி என்று ஒன்று கிடைக்கிறது. கோடையில் தீ அபாயம் கூடும்போது பாதைகளை மூடிவிடுகிறார்கள்.

கவனித்தீர்களா? இவை பெரும்பாலும் பகலிலேயே ஏறி இறங்கிவிடும் பாதைகள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதே குற்றம்; டென்ட் அடித்து, அடுப்பு மூட்டினால் கேட்கவே வேண்டாம். ஆக, கைதட்டி வாங்கிய டென்ட்டைச் சட்டப்படி விரிக்க ஒன்று தனியார் கேம்ப் சைட்டுக்குப் போக வேண்டும். அங்கே அவர்களிடமே டென்ட் இருக்கும். இல்லையென்றால் தெரிந்தவர் தோட்டம். அதுவும் இல்லாவிட்டால் பேரன் சொன்ன மொட்டை மாடி!

கடைக்காரர்கள் ஒரு காரியம் செய்யலாம். மலையேற்ற வரிசையில் பனிமலைப் படத்தை மாட்டியிருக்கும் சுவரில், அந்த 40 பாதைகளின் வரைபடத்தையும் எந்த மாதத்தில் எது மூடியிருக்கும் என்பதையும் மாட்டிவைக்கலாம். வனத்துறைக்கும் விளம்பரம், வாங்குகிறவருக்கும் எச்சரிக்கை.

பெரியமேட்டில் இன்னும் கட் கட்டுகிறார்கள்

பெரிய கடை வந்தால் சின்னக் கடை படுத்துவிடும் என்பது சுலபமான ஊகம். சென்னை நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள பெரியமேடு, சைடன்ஹாம்ஸ் சாலைப் பகுதியில் நடந்தால் கதை அவ்வளவு நேராக இல்லை.

அந்தக் கடைகளின் சரக்கு பெரும்பாலும் மீரட்டிலிருந்தும் ஜலந்தரிலிருந்தும் வருவது. 1947 பிரிவினையின்போது சியால்கோட்டை விட்டு வந்த கைவினைஞர்கள் வேரூன்றிய ஊர்கள் அவை. கடைகளின் பெரிய வாடிக்கையாளர் யார் தெரியுமா? நீங்களோ நானோ அல்ல, பி.டி. மாஸ்டர். ஆண்டு விழாவுக்கு முன் ஒரு வேனோடு வருவார். நாற்பது வளையப்பந்து, ஆறு வாலிபால், இரண்டு வலை, ஈட்டி ஒன்று, குண்டு இரண்டு அளவில், வெற்றிக்கோப்பைகள், அதில் பள்ளியின் பெயர் பொறிக்க வேண்டும், பில் தலைமையாசிரியர் பெயரில் போட வேண்டும், பணம் அடுத்த மாதம். இந்தக் கடைசி வாக்கியத்தைத் தொட்டிக்குள் போட்டால் எந்த இயந்திரமும் படிக்காது.

ஊர் டோர்னமென்ட் ஆடும் பையன்களும் இங்கேதான் வருகிறார்கள். ஸ்டம்பர் பாலுக்கு எந்த எடை பேட், எந்த மாவட்டத்துப் போட்டியில் எந்தப் பந்து என்பது கடைக்காரருக்கு அத்துப்படி. ராக்கெட்டுக்கு கட் (நரம்பு) கட்டுவது, ஜெர்ஸிக்குப் பெயர் அடிப்பது, உடைந்த பேட் கைப்பிடியை மாற்றுவது எல்லாம் அங்கேயே நடக்கும். பெரிய கடைகளிலும் சைக்கிள் பழுதுபார்ப்பு, கட் கட்டும் மேசை உண்டுதான். ஆனால் 'வேற வாங்காதே தம்பி, இதையே இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம்' என்று சொல்ல அங்கே இருப்பவருக்கு அதிகாரம் இருக்காது.

அடி விழுந்திருப்பது எங்கே என்றால், நடுவில். தெருமுனையில் ஒரே ஒரு டிராக் சூட், இரண்டு கேரம்போர்டு, நாலு ஷட்டில் மட்டை வைத்து விற்ற பொதுக்கடைக்குத்தான். குடும்பமாக வந்து வாங்கிய கூட்டம் நெடுஞ்சாலைக்குப் போய்விட்டது.

திடல் எங்கே?

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். டென்ட் ஒருபக்கம் இருக்கட்டும். ஒரு கால்பந்தை வாங்கினால் எங்கே உதைப்பது?

நகரத்தில் இன்று இரண்டு பதில்கள். ஒன்று, பச்சைப் பிளாஸ்டிக் புல் விரித்து, வலை கட்டி, இரவில் விளக்கு போட்ட தனியார் டர்ஃப். சென்னையில் மணிக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பது அபூர்வம். ஐ.டி. பையன்கள் பத்துப் பேர் பங்கு போட்டு ஆடுகிறார்கள். இன்னொன்று மாநகராட்சித் திடல். அங்கேதான் வியாசர்பாடியும் புளியந்தோப்பும் கால்பந்து கற்றுக்கொண்டன. வெறுங்கால், தேய்ந்த பந்து. அங்கிருந்து தேசிய அணி வரை போனவர்கள் உண்டு.

2024 அக்டோபரில், செயற்கைப் புல் போட்ட ஒன்பது கால்பந்துத் திடல்களைத் தனியார் பராமரிப்புக்கு விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க சென்னை மாநகராட்சி தீர்மானம் போட்டது. பத்துப் பேர் ஆடினால் 1,200 ரூபாய். எதிர்ப்பு வெடித்தது; தீர்மானம் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது சரி. ஆனால், அந்த யோசனை ஒரு மன்றத்தில் தீர்மானமாகும் வரை போனதே, அதுதான் உறுத்துகிறது. விளையாட்டு என்பது வாங்குகிற பொருள் என்ற எண்ணம் கடையோடு நிற்கவில்லை.

கிராமங்களில் நிலைமை தலைகீழ். 2024 பிப்ரவரியில் மதுரையில் தொடங்கிய 'கலைஞர் விளையாட்டு உபகரணங்கள்' திட்டத்தில், மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கிரிக்கெட் பேட், வாலிபால், கால்பந்து என்று 33 வகைப் பொருட்கள் கொண்ட தொகுப்பு போய்ச் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கே வெட்டவெளி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. பந்து யார் பொறுப்பில், எந்த பீரோவில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. சாயங்காலம் நாலரைக்கு அந்தச் சாவி வைத்திருப்பவர் ஊரில் இருந்தால் ஆட்டம் உண்டு.

நகரத்துப் பிள்ளைகளுக்கான இடம் சட்டத்தில் இல்லாமல் இல்லை. கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தில் மனை போட்டால், 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கின்றன மாநிலத்தின் கட்டட விதிகள். புறநகரில் கடை வந்திருக்கும் அதே நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் அப்படிப்பட்ட மனைப்பிரிவுகள்தான். உள்ளே நுழைந்து பார்த்தால் அந்த 10 சதவீதம் பல இடங்களில் முள்ளும் குப்பையும். சிலவற்றில் மேல்நிலைத் தொட்டி. சிலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர். சிலவற்றில் கம்பிவேலி போட்டு, சிமென்ட் நடைபாதை அமைத்து, 'இங்கே பந்து விளையாடக் கூடாது' என்று பலகை.

உங்கள் நகரில் அப்படி இடம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது பெரிய வித்தையல்ல. அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தில் 'பூங்கா' அல்லது 'விளையாட்டுத் திடல்' என்று குறித்திருப்பார்கள். வீடு வாங்கியபோது கொடுத்த பத்திரக் கட்டிலேயே அதன் நகல் இருக்கும். இல்லையென்றால் சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்புத் துறை அலுவலகத்தில் அங்கீகார எண்ணைச் சொல்லி, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தானப்பத்திரம் பதிவாகியிருக்கிறதா, எந்த உள்ளாட்சி பெயரில், எத்தனை சதுர மீட்டர் என்று மூன்று கேள்வி போதும். மனுவுக்குக் கட்டணம் பத்து ரூபாய். அந்தக் கடையில் இருப்பதிலேயே மலிவான பிங்-பாங் பந்தைவிடக் குறைவு.